எத்தனையாவது பிள்ளை

கராங்காசெம், பாலி
வெள்ளிக்கிழமை காலை

ஓம் ஸ்வஸ்தியஸ்து.

அன்புள்ள ஞோமன் ப்ளிக்கு, உங்கள் மனைவி கெதுத் எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் சுகம். குழந்தை பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், எழுந்து மறுபடி குடிக்கிறாள். விடுப்பில் வந்த அவள் அப்பாவைப் போலவே வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. உங்கள் முதுகு வலி குறைந்ததா? அத்தை எண்ணெய் கொடுத்தனுப்புகிறார். அதைத் திறப்பதற்கு முன்னால் அறையில் கூட இருப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் தெரு சுதார்சா உங்கள் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர இன்று மதியம் விமானம் ஏறுகிறான். இப்போது நம் சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறான். எதிரில் ஒரு தட்டு நிறையப் பொரித்த வாழைப்பழம். தட்டு காலியானதும் கிளம்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டான். நிறையப் பொரியுங்கள் என்று அத்தைக்குக் கண்ணைக் காட்டிவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பயந்துவிடாதீர்கள், சந்தோஷமும் அவசரமும்தான் காரணம். நேற்றிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். முந்தாநாள் நீங்கள் கூப்பிட்டபோது படம் நின்று நின்று வந்தது. நான் சொன்ன எதுவும் உங்களுக்குக் கேட்கவில்லை. ஒப்பந்தத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்று இருக்கிறேன் என்று நீங்கள் சொன்னது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடலுக்கு நடுவில் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் எப்படி சிக்னல் கிடைத்ததோ தெரியவில்லை. அதற்குப் பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. அங்கே தாவிப் போகாமல் வரிசையாகப் படியுங்கள்.

முதலில் ஸ்பூன் கதை. குழந்தை பிறந்த பிறகு வீட்டில் ஸ்பூன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மாமா சேவலுக்குத் தீனி கலக்க எடுத்துப் போய்த் தொலைக்கிறார் என்று அத்தை அவரைப் பிடித்து ஆட்டிவைத்தார். மாமா வாயைத் திறக்கவில்லை. அவர் வாயைத் திறந்தால்தான் முத்து உதிர்ந்துவிடுமே. பதினெட்டாம் நாள் மருத்துவச்சி வீட்டுக்கு வந்து என் மெத்தையைத் தூக்கினார். அடியில் ஒன்பது ஸ்பூன்.

எடுத்தது நான்தான். ஸ்பூனின் முதுகைக் குழந்தையின் மூக்கடியில் வைத்தால் ஆவி படியும். படிந்தால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். கையிலேயே வைத்திருந்தால் ஸ்பூன் சூடாகிவிடும், ஆவி படியாது. உடனே எனக்கு உயிர் போய்விடும். அதனால் ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த ஸ்பூன் ஒன்று வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எழுதினால் நீங்கள் கப்பலிலிருந்து குதித்துவிடுவீர்கள், எழுதவில்லை.

மருத்துவச்சி சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. குழந்தையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய் என்று மட்டும் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். “இது” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இது பசிக்கு அழுகிறது, இது தூங்குகிறது. அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: வியாழக்கிழமை பத்து மணி, சுகாதார நிலையம், தடுப்பூசி அறைக்குப் பின்னால். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் பிரசவத்தில் செத்துப் பிழைத்தவர்களும் அங்கே கூடிப் பேசுகிறார்களாம். எனக்கொன்றும் பைத்தியம் இல்லை என்றேன். காய்ச்சலுக்கு இங்கே வருகிறாய் அல்லவா, இதற்கும் வா என்று சொல்லிவிட்டு ஸ்பூன்களை அள்ளி அத்தையிடம் கொடுத்தார். அத்தை மாமாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

போனேன். அங்கே பாயை விரித்து ஏழெட்டுப் பேர். நடத்துகிறவர் வெனிங் என்ற ஜாவாக்காரி, மனநல ஆலோசகர். சிரித்தால் பெரிய ரோட்டுக்குக் கேட்கும், அழுதாலும் கேட்கும். அந்த அறையில் மூன்று வார்த்தைகளுக்குத் தடை. “மறந்துடு”, “இன்னொண்ணு பெத்துக்கலாம்”, “எல்லாம் நல்லதுக்குத்தான்.” வாய் தவறிச் சொன்னவர் எல்லோருடைய டீ கிளாஸையும் கழுவ வேண்டும். லாரி ஓட்டும் சுகாடா என்பவர் முதல் மூன்று வாரமும் கழுவினார். சும்மா என் மனைவிக்குத் துணையாக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான்காம் வாரம் யாரும் சொல்லாமலே எழுந்துபோய்க் கழுவ ஆரம்பித்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார்: “ஆஸ்பத்திரில எல்லாரும் அவளத்தான் பாத்தாங்க. பாக்கணுந்தான். ஆனா புள்ளைய யாரு தூக்கிட்டுப் போனதுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் கேக்கல.”

அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு உங்கள் முதுகு ஞாபகம் வந்துவிட்டது, ப்ளி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அன்று நான் பாதி மயக்கத்தில் கிடந்தேன். மகன் என்றார்கள், மூச்சு இல்லை என்றார்கள். பார்க்க வேண்டாம், பார்த்தால் மனதில் தங்கிவிடும் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். பார்க்காமலே தங்கிவிட்டான் என்பது அவருக்குத் தெரியாது. வெள்ளைத் துணியில் சுற்றி நீங்கள் எடுத்துக்கொண்டு போனபோது கதவு வரைக்கும் உங்கள் முதுகுதான் தெரிந்தது. உங்கள் அண்ணன் மண்வெட்டியோடு பின்னால் போனார். மயானத்தில் குழந்தைகள் மூலையில் புதைத்துவிட்டு வந்து நீங்கள் குளித்தீர்கள், சாப்பிட்டீர்கள், கூரையில் ஓடு மாற்றினீர்கள். பத்தொன்பதாம் நாள் கப்பல் ஏறிவிட்டீர்கள்.

கல்நெஞ்சக்காரர் என்று நினைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், இரண்டு வருடமும் அப்படித்தான் நினைத்தேன். சுகாடா கடைசி கிளாஸைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பியபோது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்த பிறகுதான், உங்களை நானும் ஒன்றும் கேட்கவில்லை என்று உறைத்தது.

சுதார்சா நாலாவது பழத்தை எடுத்துவிட்டான். சீக்கிரம் எழுதுகிறேன்.

இப்போது பெயர் விஷயம். குழந்தை பிறந்த அன்று நர்ஸ் கட்டைப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனையாவது பிள்ளை என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை, “மொதல் புள்ள” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். முதல் பிள்ளை என்றால் வேறு என்ன பெயர்? மணிக்கட்டுப் பட்டையில் வயான் என்று எழுதிவிட்டார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஊரே அவளை வயான் என்றுதான் கொஞ்சியது. நாற்பத்திரண்டாம் நாள் சடங்கில் பூசாரியும் அப்படியே சொன்னார். ஒவ்வொரு தடவையும் எனக்கு, அண்ணன் சட்டையைக் கழற்றித் தங்கைக்குப் போட்டது போல் இருந்தது. அவன்தான் நம் வயான். மூச்சு இல்லாமல் வந்தாலும் முதலில் வந்தவன் அவன். நம் ஊர் வழக்கத்திலும் அப்படித்தானே, பிறந்த நொடியில் பெயர் ஒட்டிக்கொள்கிறது. இவள் இரண்டாவது. இவள் காடெக். ஆனால் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “வயான்” என்று கூப்பிடவும் வரவில்லை. அதனால்தான் “இது.”

அத்தை மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் என்று எழுதினால் இந்தக் காகிதம் பற்றிக்கொள்ளும். அவர் பேத்தியை இடுப்பை விட்டு இறக்குவதே இல்லை, எனக்குக் கஞ்சி வைக்கிறார், முதுகு தேய்த்துவிடுகிறார். ஆனால் அவனைப் பற்றி நான் பேச்செடுத்தால் உடனே எழுந்துபோய் வாசலைப் பெருக்குவார். நம் வாசல் இந்த இரண்டு வருடத்தில் ஒரு அங்குலம் தேய்ந்திருக்கும்.

நேற்று ஐந்தாவது வியாழன். குழந்தையை விட்டுவிட்டு நான் போகமாட்டேன் என்பதால் அத்தைதான் தூக்கிக்கொண்டு கூட வருவார். உள்ளே வரமாட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் குழந்தையும் பக்கத்தில் தென்னங்குருத்துமாகப் படையல் தட்டு பின்னிக்கொண்டிருப்பார். நேற்று மழை சாய்த்து அடித்தது. வெனிங் ஓடிப்போய் அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். வந்தவர் பெயரையும் வீட்டார் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தார். மகன் பெயர் என்ன என்றார். ஞோமன் என்றார் அத்தை.

வெனிங் இங்கே வந்து நாலு மாதம்தான் ஆகிறது. நம் பெயர் வரிசையை மனப்பாடம் செய்துவிட்டேன் என்று அவருக்கு ஒரே பெருமை. விரலை மடக்கி எண்ணினார்: “வயான், காடெக், ஞோமன். அப்ப ஞோமன்னா மூணாவது. உங்களுக்கு மூணு புள்ளைங்களா, அம்மா?”

அத்தை, இரண்டு என்றார்.

நம்மவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் குனிந்து டீயைக் குடித்திருப்பார்கள். ஒரு வீட்டில் ஞோமன் இருந்து காடெக் இல்லையென்றால் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் உங்களைக் கேலி செய்வார்களாமே, ரெண்டாமவனை எங்கேடா ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று. நீங்களும் வீட்டில் வந்து கேட்டதில்லை. ஜாவாக்காரிக்கு இது எங்கே தெரியும். கணக்கு இடிக்கிறதே என்ற முகத்தோடு, அப்படியானால் இரண்டாவது யார் என்று கேட்டுவிட்டார். சுகாடா கிளாஸ்களை எடுக்க எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அத்தை குருத்தைக் கீழே வைத்தார். வாசலைப் பெருக்க இங்கே வாசல் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நடுவுல ஒருத்தன் இருந்தான். ஒரு மூச்சு கூட விடல. என் கண்ணுல காட்டாமலே கொண்டு போயிட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பொறந்தவன ஞோமன்னு கூப்புடுற ஒவ்வொரு தடவையும் மனசு எண்ணும். பெரியவன், அப்புறம் அவன், அப்புறம் ஞோமன். முப்பத்தாறு வருஷமா எண்ணுறேன். ஊரெல்லாம் காடெக்தான், என் வீட்டு முத்தத்துல மட்டும் ஒரு காடெக் கெடையாது. இந்தப் பொண்ணும் என்னாட்டம் எண்ணிக்கிட்டே கெடக்க வேணாம்னுதான் மொதல் புள்ளன்னு சொன்னேன்.”

இரண்டு வருடத்து ஆத்திரம் எங்கே போனதென்றே தெரியவில்லை, ப்ளி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேருக்கும் நடுவில் சொன்னேன்: “நீங்க சொன்னாலும் எண்ணுவேன், சொல்லாட்டியும் எண்ணுவேன் அத்தை. தனியா எண்ணத்தான் முடியல.”

அதற்குப் பிறகு யார் யார் அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. வெனிங் அழுதது மட்டும் தெரியும், தடுப்பூசி அறையிலிருந்து ஒரு ஆள் என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தார். அத்தையோ அழுகையின் நடுவில், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சொல்லித் தொலைத்துவிட்டார். பாவம், அவருக்குத் தடை தெரியாது. சுகாடா ஓடிவந்து கிளாஸ் தட்டை அவர் முன்னால் வைத்தார். அறையே சிரித்தது. அத்தையும் மூக்கைச் சிந்திவிட்டு, சிரித்துக்கொண்டே எட்டு கிளாஸையும் கழுவினார்.

கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இனிமேல்தான் இருக்கிறது. சுதார்சாவுக்கு இரண்டாவது காப்பி போயிருக்கிறது, பிழைத்தேன்.

வீட்டுக்கு வந்தோம். மாமா முற்றத்தில் குந்தி உட்கார்ந்து சேவலின் கழுத்தை நீவிக்கொண்டிருந்தார். அத்தை நேராக அவர் முன்னால் போய் நின்று, இன்று நம் ரெண்டாமவனைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்றார். மாமா தலையை நிமிர்த்தவில்லை. சேவலைத்தான் நீவினார். சரி, வழக்கம்போல ஊமைச் சாமி என்று நான் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினேன். அப்போது பேசினார்.

“வலது காதுக்குக் கீழ ஒரு மச்சம் இருந்துச்சு. உனக்கு இருக்கற மாதிரியே.”

அத்தையின் கை தானாகக் காதுக்குப் போனது. எந்தக் காது என்று கேட்டார். வலது என்றார். எந்தக் காது என்று மறுபடி கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு, விளக்குமாற்றை எடுத்து மாமாவின் தோளில் ஒரு போடு போட்டார். சேவல் பறந்து கூரையில் ஏறிவிட்டது. “இதச் சொல்ல ஒனக்கு இத்தன வருஷமாய்யா?” என்றார்.

மாமா தோளைத் தடவிக்கொண்டே சொன்னார்: “நீ கேக்கவே இல்லியே.”

சாயங்காலம் வரை இரண்டு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா இத்தனை வார்த்தை பேசி நான் பார்த்ததே இல்லை. தலைமுடி எவ்வளவு இருந்தது, விரல் எவ்வளவு நீளம், எந்த மரத்துக்குப் பக்கத்தில் வைத்தார், மண் ஈரமாக இருந்ததா. அத்தை ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். முப்பத்தெட்டு வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தார், ப்ளி. ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை. அடுப்பில் சோறு தீய்ந்தது, யாரும் கவலைப்படவில்லை.

இன்று காலை கேளுங்கள். படையல் வைக்கிற நேரம். அத்தை குளித்து, இடுப்புக் கச்சை கட்டி, தலையில் தட்டோடு முற்றத்தின் நடுவில் வந்து நின்றார். ஊதுவத்தியைக் கொளுத்தினார். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, சந்தைக்குப் போகிறவர்கள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தி என் அறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்: “காடெக், எந்திரிச்சாச்சா? பாட்டிகிட்ட வா, காடெக்.”

இரண்டு தடவை. முதல் தடவை குரல் உடைந்துவிட்டது, இரண்டாவது தடவை சரியாக வந்தது. இரண்டும் நம் மகளை மட்டும் கூப்பிட்டதில்லை என்று எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரியும். குழந்தை கொட்டாவி விட்டாள். நான் அவள் முகத்துக்கு நேரே குனிந்து முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். காடெக். என் காடெக். சொல்லச் சொல்ல வாய் இனித்தது. நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். காலையிலிருந்து ஸ்பூனைத் தொடவில்லை என்று இப்போது எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது. நாளைக்குத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யமாட்டேன். வெனிங்கிடம் இன்னும் நிறைய வியாழக்கிழமைகள் போக வேண்டியிருக்கிறது. ஆனால் இன்றைக்குத் தொடவில்லை.

சரி, அந்த மூன்று மாதத்துக்கு வருகிறேன். குழந்தையின் நூற்றைந்தாம் நாளுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. அன்றுதான் அவள் பாதம் முதல் முதலாக மண்ணில் படும். பூசாரியிடம் மாமாவே போய்ப் பெயரைத் திருத்திச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அன்றைக்கு அவளைப் பிடித்து இறக்க உங்கள் கை வேண்டும். உங்கள் ஒப்பந்தம் அதற்கு ஒரு வாரம் முன்னால் முடிகிறது, நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். நீங்கள் நீட்டிக்க நினைப்பது வேலைக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். இந்த வீட்டு வாசலில் கால் வைத்தால் அந்த வெள்ளைத் துணி உங்கள் கைக்குத் திரும்பி வந்துவிடுகிறது. போன விடுப்பில் நீங்கள் மயானப் பாதையை விட்டுச் சுற்றுவழியாகவே சந்தைக்குப் போனதை நான் கவனிக்காமல் இல்லை. அன்றே கேட்டிருக்க வேண்டும். எனக்குப் பயம், உங்களுக்கும் பயம்.

வந்தால் வெனிங்கின் அறைக்குக் கூட்டிப் போவேன். பேச வேண்டாம். கிளாஸ் கழுவலாம், முதுகைக் காட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கழுவலாம். சுகாடா பக்கத்தில் நின்று துடைப்பார், நான் கேட்டுவிட்டேன்.

சுதார்சா கையைக் கழுவுகிறான். தட்டு காலி. அத்தை அவன் பையில் எண்ணெயைத் திணிக்கிறார். கடைசியாக ஒன்று.

மாமா சொன்ன பதிலை நீங்களும் சொல்லிவிடாதீர்கள். முப்பத்தெட்டு வருடம் கழித்து, நீ கேட்கவே இல்லையே என்று சொல்ல நான் விடமாட்டேன். நான் இப்போதே கேட்கிறேன். அவனை நான் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்தீர்கள். அந்தக் கதவிலிருந்து மயானம் வரைக்கும் அவன் உங்கள் கையில் இருந்தான். அவன் மூக்கு யார் மூக்கு? முடி சுருட்டையா? காதுக்குக் கீழே மச்சம் இருந்ததா? எழுதி அனுப்ப வேண்டாம். வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் சோறு தீய்ந்தால் தீயட்டும்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்துவிடுங்கள், வயானின் அப்பா.

ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி, ஓம்.

இப்படிக்கு,
வயானுக்கும் காடெக்குக்கும் அம்மா